பாலத்தின் மேல் எழுபத்து நான்கு

நோட்டீஸைப் படித்துவிட்டு என் மகள் சிரித்தாள். அவள் அம்மா போய் இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த இருபத்து மூன்று நாளில் வீட்டுக்குள் யாரும் சிரித்துக் கேட்டதில்லை. அதனால் சமையலறையில் இருந்த எனக்கு அது முதலில் அழுகை என்றுதான் பட்டது. கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஈரக் கையோடு ஓடிவந்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் அம்மா பெயருக்கு வந்த தபால்களை மூன்று குவியலாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு தாளை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அப்பா, நீங்க எழுபத்து நாலுல போயிருக்கீங்களாம். ஆத்துப் பாலத்து மேல!"

"யாரு?"

"நீங்கதான். அன்னிக்கு வண்டி உங்க கையிலதானே இருந்துச்சு? அம்பதுக்கு மேல போகக் கூடாத இடமாம். எழுபத்து நாலாம்! நீங்க! சைக்கிள்ல போறவன்கூட உங்களப் பாத்து, கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார்னு சொல்லிட்டுப் போவான்."

அதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பு பாதியில் நின்றது. தாளை என்னிடம் நீட்டினாள். நான் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்துபவனாக இருந்தவன். எந்தத் தாளைக் கையில் வாங்கினாலும் கண் முதலில் தவறைத்தான் தேடும். வண்டி எண் சரியாக இருந்தது. தேதி சரி. உரிமையாளர் பெயர் என் மனைவியுடையது, அதுவும் சரி. நேரம் காலை பத்து முப்பத்தொன்று. அந்த எண்ணில் வந்து என் கண் நின்றுவிட்டது. ஒரு பிழை, ஒரே ஒரு பிழை கிடைத்துவிடாதா என்று இரண்டாம் முறையும் மேலிருந்து படித்தேன். நல்ல சுத்தமான அச்சு.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சொந்தமாக ஒரே ஒரு கார், கூரை மேல் ஒரு மஞ்சள் பலகை, இருபத்தாறு வருடம். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் ரோட்டுக்கு வந்தார்கள். அவளுடைய கணவனுக்கு மட்டும் ஓட்டத் தெரியாது. பணி ஓய்வு பெற்ற பிறகு, அறுபத்தோரு வயதில், அவளே என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வந்தது. தேர்வு எடுத்த அதிகாரி அறிக்கையின் கீழே, "மிக மெதுவாக ஓட்டுகிறார், பின்னால் வருபவர்களின் பொறுமையைக் கருத்தில் கொள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தார். அம்மாவும் மகளும் அதைப் பிரதி எடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்கள். எனக்கு ரோடு ரோலர் என்று பெயர் வைத்தார்கள். லைசென்ஸ் வாங்கிய பிறகும் தனியாக ஓட்ட எனக்கு அனுமதி இல்லை. அது அரசாங்கத்தின் சட்டமல்ல, அவளுடைய சட்டம்.

அந்தக் காரில் இரண்டு பக்கமும் மிதிகள் உண்டு. ஓட்டுபவரின் காலடியில் இருக்கும் பிரேக், கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் மூன்றும் பக்கத்து இருக்கையிலும் இருக்கும். கம்பியால் இணைத்திருப்பதால் ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கமும் இறங்கும். பயந்து பயந்து ஓட்டுகிறவர்களுக்கு அவள் தன் பக்கத்து ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்திவிடுவாள். நம் பாதத்துக்கு அடியிலிருந்து மிதி தானாகக் கீழே நழுவும். "நான் மிதிக்கல டீச்சர்!" என்று அலறுவார்கள். "வண்டிக்கே உங்க மேல பொறுமை போயிடுச்சு" என்பாள் அவள். வண்டிக்குள் ஏறிவிட்டால் நானும் கணவன் கிடையாது. நான் சார், அவள் டீச்சர். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தால் உடனே விழும்: "முன்னால பாருங்க சார். என் மூஞ்சில ஒண்ணும் ரோடு போடல."

நான் நல்ல மாணவன். பார்க்காமலிருக்கக் கற்றுக்கொண்டேன்.

நோட்டீஸில் குறித்திருந்த அன்று காலை எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை. அவளுடைய பழைய ஷூவை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். அடிப்பாகம் தேய்ந்து காகிதம் போல் ஆகியிருந்தது, மழை நாளில் ஈரம் உள்ளே வரும். நல்லது செய்வதாக நினைத்து, கனத்த அடிப்பாகம் வைத்த புது ஜோடி ஒன்றை வாங்கி வாசலில் வைத்திருந்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு நாலடி நடந்து பார்த்தாள். "இதுல மிதியே தெரியாது. தலையணையக் கட்டிக்கிட்டு எப்படிச் சொல்லிக்கொடுக்கறது?" என்றாள். பழைய ஷூ குப்பை வண்டியில் போய்விட்டது என்று தெரிந்ததும், பாடத்துக்கு வேண்டியதைத் தவிர மற்றப் பேச்சை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. மௌனம்தான் வரும். திருமண வாழ்க்கையின் மிக நீண்ட மௌனம் நான்கு நாள். அதை உடைத்தது நான்தான். எப்போதும் நான்தான் உடைப்பேன். அன்று மட்டும், ஒருமுறையாவது அவள் உடைக்கட்டுமே என்று ஒரு வீம்பு.

பாலத்தின் மேல் ஏறி நடுவுக்கு வந்தபோது என் காலடியிலிருந்து மிதி இறங்கியது. வழக்கமாக இறங்குவதைவிட அதிகமாக. புது ஷூ, அழுத்தம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அல்லது, அழுத்தம் தெரியவில்லை என்று எனக்குக் காட்டுவதற்காகவே அழுத்துகிறாள் என்று நினைத்தேன். வண்டி சீறிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு அந்த வேகம் பிடித்திருந்தது. இது என்னை மன்னிப்பதற்கு அவள் கண்டுபிடித்த வழி என்றுகூடப் பட்டது. "டீச்சர், இது ரோடா ரன்வேயா?" என்று கேட்டேன். பதில் இல்லை. சரி, கோபம் இன்னும் தீரவில்லை. பாலம் முடிந்து சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது காலடியில் இருந்த அந்த இழுப்பு விட்டுப்போனது. பாடம் எடுக்கும்போது அவள் எப்போதும் போடும் தொப்பி ஜன்னல் பக்கம் சாய்ந்திருப்பது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. வெளியே பார்க்கிறாள். பார்க்கட்டும்.

வழக்கமான சுற்று முழுவதையும் முடித்தேன். புறவழிச்சாலையில் மருத்துவமனைக்குத் திரும்பும் வளைவு வரும். அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது என்ற பலகையைப் பார்த்து மிகவும் பொறுப்பாக வேகத்தைக் குறைத்தேன். பயிற்சி மைதானத்தில் இரண்டு டிரம்களுக்கு நடுவே பின்பக்கமாக வண்டியை நிறுத்தினேன். ஒரே முயற்சியில், கோணலில்லாமல் நின்றது. குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். பதினொன்று பத்துக்கு வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு, "இறங்கலாம் டீச்சர்" என்றேன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்: "மூளையில அடைப்பு, நேரம்தான் முக்கியம். கடைசியா எப்ப நல்லாப் பேசினாங்க?" மகள் அதற்குள் வேலையிடத்திலிருந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இப்பத்தான். வீட்டு வாசல்ல" என்றேன். பொய் சொல்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். "சீக்கிரம் கூட்டிட்டு வந்துட்டீங்க, நல்லது" என்றார் டாக்டர். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மகள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். என் மனைவியிடம் கற்றுக்கொண்ட மாணவர்கள், பக்கத்து வீட்டார், தூரத்துச் சொந்தம், எல்லோரிடமும். "அப்பா ஒரு நிமிஷம்கூட வீணாக்கல. டாக்டரே சொன்னார். எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்." சொல்லிவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். ராத்திரி தூங்குவதற்கு முன்பு தனக்குத் தானேயும் அவள் அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தாய் போன பிறகு அவள் பிடித்து நின்ற ஒரே கம்பி அது. நோட்டீஸ் வரும்வரை நானும் பாலத்திலிருந்து வாசல் வரைக்குமான அந்த முப்பத்தொன்பது நிமிட மௌனத்தை அவளுடைய கோபம் என்ற பெயரில்தான் உள்ளே வைத்திருந்தேன். பத்து முப்பத்தொன்று என்ற எண்ணைப் பார்த்த பிறகு அதற்கு வேறு பெயர் வந்துவிட்டது.

"அபராதத்தக் கட்டிட்டு விட்ரலாம் பாப்பா" என்றேன்.

"எதுக்குப்பா? செய்யாத தப்புக்கா?"

"கேமரா சொல்லுது இல்ல?"

"கேமராவுக்கு என்ன, அதுவும் மிஷின்தானே. நீங்க நாப்பதத் தாண்டினாலே அன்னிக்கு வீட்ல இனிப்பு வாங்கணும்னு அம்மா சொல்லுவாங்க." சொல்லிக்கொண்டே நோட்டீஸை நாலாக மடித்தாள். "இருபத்தாறு வருஷத்துல அந்த வண்டி மேல ஒரு நோட்டீஸ் வந்ததில்ல. அம்மா பேருக்கு வர்ற கடைசிக் காகிதம் இதுவா இருக்கக் கூடாதுப்பா."

ஒரு வாரம் அவள் அதிலேயே இருந்தாள். அம்மாவின் ஓட்டுநர் பள்ளிப் பதிவுச் சான்று, வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் வாங்கிய தகுதிச் சான்று, பழைய மாணவர்கள் ஒன்பது பேரின் கடிதம். எல்லாவற்றுக்கும் மேலே, குளிர்பதனப் பெட்டிக் கதவிலிருந்து உரித்தெடுத்த என் தேர்வு அறிக்கை. இத்தனை நாளாகக் கேலிக்கு வைத்திருந்த அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சாட்சிப் பத்திரமாகக் கோப்பின் முதலில் வைத்தாள். அந்த ஒரு வாரமும் அவள் வேளாவேளைக்குச் சாப்பிட்டாள். அம்மாவுக்காகச் செய்வதற்கு அவளுக்கு ஏதோ ஒன்று மிச்சமிருந்தது.

போக்குவரத்து நீதிமன்றம் நான் நினைத்தது போல இல்லை. வங்கிக் கிளை போல இருந்தது. தரையோடு திருகிய நாற்காலிகள், சுவரில் சிவப்பு எண் பலகை, எண் மாறும்போதெல்லாம் ஒரு மணி. ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் எழுந்து உள்ளே போவார், ஐந்து நிமிடத்தில் முகம் சிவந்து வெளியே வருவார். எங்கள் எண் அறுபத்தெட்டு. பலகையில் நாற்பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு வேன்காரர், நோட்டீஸ்களைச் சீட்டுக்கட்டு போல் விரித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முதல் தடவையா?" என்றார்.

"ஆமாங்க."

"பாத்தாலே தெரியுது. தலையக் குனிஞ்சு நில்லுங்க, எச்சரிக்கையோட விட்ருவாங்க. எதுத்துப் பேசினா முடிஞ்சுது கதை. எனக்கு இது ஏழாவது. உள்ள போனா அந்த ஜட்ஜம்மா என்னை நலம் விசாரிக்குது."

"நாங்க எதுத்துத்தான் பேசப் போறோம். கேமரா தப்பு" என்றாள் மகள்.

வேன்காரர் அவளையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "தங்கச்சி, முன்ன மாதிரி பின்னாடி நம்பர் மட்டும் எடுக்கற கேமரா இல்ல இப்ப. முன்பக்கமும் எடுக்குது. போன தடவை என் படத்தத் திரையில போட்டாங்க பாருங்க, பல்லுல மாட்டியிருந்த கீரைகூடத் தெரிஞ்சுது. என் கல்யாணப் போட்டோவுலகூட நான் அவ்வளவு தெளிவா இல்ல."

மகள் சிரித்தாள். விசாரணையின்போது படம் காட்டப்படும் என்று நோட்டீஸின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்ததை நான் படித்திருந்தேன். பின்பக்கப் படம் என்று என்னை நானே நம்பவைத்திருந்தேன்.

"பாப்பா, தண்ணி வாங்கிட்டு வாயேன். தொண்டை காயுது."

அவள் போனதும் எழுந்து எழுத்தரின் மேசைக்குப் போனேன். அந்த மனுஷன் தலை நிமிரவில்லை. நான் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவும், உள்ளே போகாமலே முடித்துக்கொள்ள வழியிருக்கிறதா என்றும் கேட்டேன்.

"எண்?"

"அறுபத்தெட்டு."

புரட்டிப் பார்த்தார். "எதிர்ப்பு மனு போட்டிருக்கீங்களே. மனுவுல உங்க கையெழுத்து இல்ல, வாரிசு கையெழுத்து. அவங்க வந்து வாபஸ் வாங்கினாத்தான் உண்டு."

"வண்டி ஓட்டினவன் நான்தாங்க."

"இருக்கலாம். மனு அவங்களது. அவங்களக் கூட்டிட்டு வாங்க, ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷ வேலை. நான் திரும்பியபோது அவள் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். "எங்கப்பா போனீங்க?" என்றாள். கழிவறை எங்கே என்று கேட்கப் போனேன் என்றேன். உண்மையைச் சொல்ல அப்போது எனக்கு நேரம் இருந்தது. பலகையில் ஐம்பத்து மூன்று. பதினைந்து பேர் உள்ளே போய் வருகிற நேரம் இருந்தது. அவள் மூடியைத் திருகித் திறந்து பாட்டிலை என் கையில் கொடுத்தாள். நான் குடித்தேன். பதினைந்து பேரும் போய் வந்தார்கள்.

நடுவருக்கு என் மனைவி வயது இருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி, எதிரே ஒரு கணினி, பக்கத்துச் சுவரில் பெரிய திரை. திரையில் அப்போது ஒன்றுமில்லை, நீல நிறம் மட்டும். மனுவைப் படித்துவிட்டு, உரிமையாளர் இறந்துவிட்டாரா என்று கேட்டார். ஆமாம் என்றாள் மகள். "வருத்தம்" என்றார் நடுவர். பொய்யாகச் சொன்னதாகத் தோன்றவில்லை. "ஓட்டினது யார்?"

"நான்தாங்க. வேகமாத்தான் ஓட்டினேன். ஒத்துக்கறேன்" என்றேன். ஒரே மூச்சில், ஒத்திகை பார்த்தவன் போல.

"அப்பா, சும்மா இருங்க." மகள் முன்னால் வந்தாள். "மேடம், இவர் பொய் சொல்றார். இந்த விஷயம் சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு இருக்கார். இவரால அந்த வேகத்துல ஓட்டவே முடியாது. இதப் பாருங்க, லைசென்ஸ் கொடுத்த அதிகாரியே எழுதியிருக்கார்."

நடுவர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த தாளை வாங்கிப் படித்தார். உதடு லேசாக விரிந்தது. "குற்றத்த ஒத்துக்கற ஆளப் பொய் சொல்றார்னு சொல்ற முதல் ஆள் நீங்கதாம்மா. படத்தப் பாத்துடலாமே."

"பாக்கணும் மேடம். அதுக்குத்தான் வந்தோம்."

"வேண்டாங்க" என்றேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

திரையில் படம் வந்தது. வேன்காரர் சொன்னது நிஜம், தெளிவாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நான். இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேல், அவள் சொல்லிக்கொடுத்த இடத்தில் சரியாக. வாய் திறந்திருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ரோடா ரன்வேயா என்று கேட்ட அந்தக் கணத்தைத்தான் எடுத்திருக்கிறது. அவ்வளவு சந்தோஷமான என் படம் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்தில் அவள். தொப்பி ஜன்னலில் முட்டி மேலே தூக்கியிருந்தது. அதனால் முகம் முழுவதும் தெரிந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. வாயின் ஒரு பக்கம் கீழே இழுத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் வெளிச்சம் பட்டு ஏதோ மின்னியது. படத்தின் கீழே வெள்ளை எழுத்தில் தேதி, பத்து முப்பத்தொன்று, எழுபத்து நான்கு.

"இது நீங்கதானே?" என்றார் நடுவர் என்னிடம்.

"நான்தாங்க."

"கேமராவுக்குச் சோதனைச் சான்று இருக்கு, அன்னிக்குத் தேதிக்குச் செல்லும். நல்ல உற்சாகமா ஓட்டிட்டிருக்கீங்க. பக்கத்துல அம்மா தூங்கறாங்க."

மகள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். அவ்வளவு பக்கத்தில் போக அனுமதி கிடையாது. காவலர் ஒருவர் ஓரடி முன்னால் வந்தார், நடுவர் கையைக் காட்டியதும் நின்றுவிட்டார். அம்மாவின் முகம் மகளின் முகத்தைப் போல இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது.

"எங்கம்மா அந்தச் சீட்ல தூங்க மாட்டாங்க" என்றாள். நடுவரிடம் சொன்னது போலவும் இருந்தது, திரையிடம் சொன்னது போலவும் இருந்தது. "இருபத்தாறு வருஷம். ஒரு தடவைகூடத் தூங்கினதில்ல."

நடுவர் கணினியில் எதையோ தட்டினார். பிறகு, மனு தள்ளுபடி என்றும், முதல் முறை என்பதாலும் குடும்பத்தில் இழப்பு நேர்ந்திருப்பதாலும் அபராதமில்லாமல் எச்சரிக்கையோடு விடுவதாகவும் சொன்னார். "இனிமே கவனமா இருங்க" என்றார் என்னிடம், நல்லவிதமாகவே. நான் தலையைக் குனிந்து கும்பிட்டேன். படம் போய் நீலம் வந்தது. மணி அடித்தது. எங்களைத் தாண்டி அறுபத்தொன்பது உள்ளே வந்தார்.

தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு ஜன்னல் இருந்தது. அவள் அங்கே போய் நின்றாள். கோப்பை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நான் பக்கத்தில் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, வெளியே நிறுத்தியிருந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மிதி தானா இறங்குச்சா?"

"ஆமா."

"அம்மாதான் வேணும்னு அழுத்தறாங்கன்னு நெனச்சீங்களா?"

"ஆமா. ஷூ விஷயத்துல கோபம்னு."

"திரும்பிப் பாக்கலையா?"

அவளும் அதே வண்டியில் அதே டீச்சரிடம் கற்றுக்கொண்டவள்தான். பார்க்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். "அப்புறம் மைதானத்துக்குப் போனீங்களா?" என்றாள்.

"போனேன்."

"ரிவர்ஸ் எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"நேரா நின்னுச்சா?"

"நின்னுச்சு."

அவள் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அன்று தபால்களுக்கு நடுவே கேட்ட சத்தம் போலவே இருந்தது, ஆனால் அது எது என்று இந்த முறையும் என்னால் சொல்ல முடியவில்லை. பாலத்திலிருந்து வீடு வரைக்குமான இடங்களை அவள் விரல்கள் கோப்பின் விளிம்பில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போவதைப் பார்த்தேன். சிக்னல், புறவழிச்சாலை, மருத்துவமனை வளைவு. வளைவில் விரல் நின்றது. எழுந்து மறுபடி அதே இடத்தில் விழுந்தது.

"டாக்டர் என்ன கேட்டார்னு ஞாபகம் இருக்கா? கடைசியா எப்ப நல்லாப் பேசினாங்கன்னு கேட்டார். எப்பப்பா பேசினாங்க?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதிலை நான் யாரிடமும் சொன்னதில்லை. "பாலம் ஏறுறதுக்கு முன்னாடி" என்றேன். "இண்டிகேட்டர் இன்னும் அடிச்சிட்டிருக்கு சார்னு சொன்னா. அணைச்சேன். அதுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் பாப்பா."

அழுவாள் என்று நினைத்தேன், அல்லது என்னை அடிப்பாள் என்று. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கோப்பைத் திறந்து மேலே இருந்த பிளாஸ்டிக் உறையை உருவி, அதில் இருந்த தாளைப் பார்க்காமலே என்னிடம் கொடுத்தாள். பிறகு எழுத்தரிடம் நடந்து போனாள். அந்தப் படத்துக்குப் பிரதி கிடைக்குமா என்று கேட்பது எனக்குக் கேட்டது. விண்ணப்பம் எழுதி நான்காம் ஜன்னலில் கொடுக்கச் சொன்னார்கள்.

"அத வாங்கி என்ன பண்ணப் போற?" என்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

பதில் இல்லை. இப்போது அது கோபமா வேறேதாவதா என்று கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவள் சுவரோரம் நின்றபடியே, கோப்பை முட்டியில் வைத்து விண்ணப்பத்தை எழுதினாள். வாகன எண், தேதி, நேரம். உரிமையாளருக்கு என்ன உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து வெகுநேரம் நின்று, அதைக் காலியாகவே விட்டுவிட்டாள்.

நான்காம் ஜன்னல் மூடியிருந்தது. சாப்பாட்டு இடைவேளை, திரும்பத் திறக்கும் நேரம் இரண்டு மணி என்று கண்ணாடிக்கு உள்ளே ஓர் அட்டை. மணி ஒன்று ஐந்துதான் ஆகியிருந்தது. உட்கார எத்தனையோ நாற்காலி காலியாகக் கிடந்தது. அவள் உட்காரவில்லை. விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மூடிய கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றாள். நான் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் உறை என் தொடை மேல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

சிறிது நேரத்தில் ஒருவர் வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். திறக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். அவரைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் கைக்குழந்தையோடு ஒரு பெண். தாழ்வாரத்தில் போய் வந்துகொண்டிருந்தவர்கள் வரிசையைப் பார்த்ததும் தங்கள் தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். யாரும் அட்டையைப் படித்ததாகத் தெரியவில்லை. வேன்காரரும் அந்தப் பக்கமாக வந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் இந்த முறை நலம் விசாரிக்கவில்லை போலிருந்தது.

"இது எதுக்கு வரிசைங்க?" என்று என்னிடம் கேட்டார்.

நான் மூடிய ஜன்னலைக் கையால் காட்டினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். நான் எழுந்து போய் வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களுடைய தோள்களுக்கு நடுவே அவளுடைய பின்னந்தலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு அணைந்திருந்தது. அந்த இருட்டில் அவள் முகம் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.